கோழியின் ஐந்தாம் விரல்

நாடாண்டவர்க்கும் போர் வென்றவர்க்கும் வரலாறு எழுதுவோர் பலர். கோழியின் கால்விரல்களை எண்ணுவதிலே தம் வாழ்நாளின் செழுமையான ஆண்டுகளைக் கழித்த ஒருவருக்கு வரலாறு எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இன்று உயிரியல் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தாம் அறியாமலே அம்மனிதர் படைத்த சொற்களை நாவில் வைத்திருக்கின்றனர். மேலை நாட்டார் ஜெனற்றிக்ஸ் என்று வழங்குவதும், நம் பாடநூல்கள் பிறப்புரிமையியல் என்று தமிழாக்கியதுமான துறைக்குப் பெயர் சூட்டியவர் அவர். வில்லியம் பேற்சன் என்பது அவர் பெயர். கல்முனைப் பகுதியில் நெடுங்காலம் உயிரியல் படிப்பித்தவன் என்ற முறையில், பாடநூலில் ஒரு வரியாக மட்டும் நின்றுவிட்ட அப்பெரியாரின் வாழ்வை நம் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

பேற்சன் 1861ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆந் திகதி இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள விற்பி என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். தந்தையார் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துச் சென் ஜோன்ஸ் கல்லூரியின் தலைவர். கல்விச் செல்வம் நிறைந்த வீடு. எனினும் பிள்ளையோ பள்ளியிற் சோபிக்கவில்லை. குறிக்கோள் எதுவுமில்லாத பையன் என்றே றக்பிப் பாடசாலையின் ஆசிரியர்கள் அவரைக் கணித்தனர். கணிதம் அவருக்கு வசப்படவேயில்லை. விகிதங்களை நம்பி எழுந்த ஒரு விஞ்ஞானத்துக்கு வழிகாட்டியவர் கணக்கிலே தடுமாறியவர் என்பது விந்தையே. ஆனால் கேம்பிறிட்ஜில் விலங்கியல் கற்கத் தொடங்கியதும் அந்தப் பையன் காணாமற் போனான். முதல் வகுப்பில் தேறிய ஆய்வாளர் ஒருவர் அங்கே தோன்றினார்.

1883, 1884ஆம் ஆண்டுகளில் அவர் அமெரிக்காவின் செசப்பீக் விரிகுடாக் கரைக்குச் சென்று, சேற்றில் வாழும் பலனோகுளொசசு என்னும் புழுவொத்த பிராணியின் முளையத்தை ஆராய்ந்தார். புழுவென்று எண்ணப்பட்ட அப்பிராணி முதுகெலும்புடைய விலங்குகளின் உறவினம் என்பதைக் காட்டும் சான்றுகளை அம்முளையத்தில் அவர் கண்டார். இளம் வயதிலேயே புகழ் தேடிவந்தது. அந்த வழியே நடந்திருந்தால் மதிப்புக்குரிய முளையவியலாளராக அமைதியாய் வாழ்ந்து மறைந்திருப்பார். அவருக்கோ அமைதி கிட்டவில்லை. முளையங்களை ஒப்பிட்டு உயிரினங்களின் குலமுறை வரைவதால் மட்டும், ஓர் உருவம் இன்னோர் உருவமாக எவ்வாறு மாறிற்று என்ற கேள்விக்கு விடை வருமா? மாற்றம் என்பது நிகழும் கணத்தில் அதைப் பிடிக்க முடியாதா? இக்கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது.

விடை தேடி 1886இல் மத்திய ஆசியாவின் புல்வெளிகளுக்குப் புறப்பட்டு, ஏரல் கடலை அண்டிய உவர் ஏரிகளிடையே ஒன்றரை ஆண்டளவு அலைந்தார். நீரின் உவர்ப்பு மாறமாறச் சிப்பியின் ஓடும் படிப்படியாக மாறும். சூழலே உயிரை வனையும் குயவன் என்று நிறுவலாம் என்பது அவர் எண்ணம். இயற்கை அவருக்கு அவ்வளவு எளிதாக இணங்கவில்லை. ஓரிடத்தில் உவர்ப்போடு ஒத்து மாறிய ஓடுகள் வேறிடங்களில் அவ்வாறு மாறவில்லை. கைப்பிடியளவு பயனோடு நாடு திரும்பியவர், சூழலை விட்டு உயிரினுள்ளே தேடத் துணிந்தார்.

அத்தேடலின் பயனாக 1894இல் வெளிவந்தது மாறல்கள் பற்றிய அவருடைய பெருநூல். அரும்பொருட் காட்சிச்சாலைகளையும் தனியார் சேகரங்களையும் துருவி, இயல்பினின்று பிறழ்ந்த 886 உருவங்களை அதிலே அவர் தொகுத்தார். உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்திற் கால் முளைத்த பூச்சி, மிகையான கால் கொண்ட வண்டு, கூடுதல் விரலுள்ள விலங்கு எனப் பிறர் அருவருத்து ஒதுக்கியவற்றையெல்லாம் அவர் அரும்பொருளாகப் போற்றினார். டார்வினைப் பின்பற்றியோர் மாற்றம் என்பது மெல்ல மெல்ல, கண்ணுக்குப் புலனாகாத அளவில் நிகழ்வது என்றனர். அது பாய்ச்சலாகவும் நிகழும் என்றார் பேற்சன். நாலு விரலுக்கும் ஐந்து விரலுக்கும் இடையே நாலரை விரல் என்று ஒரு படி இருந்தாக வேண்டியதில்லை.

அந்நூலில் ஒரு விதி உண்டு. பின்வந்தோர் அதனைப் பேற்சனின் விதி என்றே அழைக்கின்றனர். ஒரு வண்டுக்கு மிகைக்கால் முளைத்தால் அது பெரும்பாலும் இரட்டையாகவே முளைக்கும். இயல்பான காலுக்கு அடுத்து நிற்பது அதன் கண்ணாடி நிழல். வலக்கையருகே இடக்கை முளைத்தாற்போல் இருக்கும். அதற்கும் அப்பால் நிற்பது அந்நிழலின் நிழல். பிறழ்விலும் ஓர் ஒழுங்கு! இயற்கை தவறும்போதும் இலக்கணத்தோடுதான் தவறுகிறது என்பதை இவ்விதி காட்டிற்று. ஏன் இவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. உடலில் உறுப்புகள் மீண்டும் மீண்டும் அமைவது அலைகளின் செயலை ஒத்தது என்று மட்டும் அவர் மனம் சொல்லிற்று. நம் கல்முனைக் கடற்கரையில் காற்று மணல்மேல் இடும் வரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் தனித்தனியே யாரும் வரைவதில்லை. காற்றும் மணலும் ஒன்றையொன்று தாக்கும் தாக்கத்தில் வரிகள் தாமே பிறக்கின்றன. விலங்கின் விரல்களும் அத்தகைய வரிகளே என்பது அவர் உள்ளுணர்வு.

நூல் எழுதினார், வேலை கிடைக்கவில்லை. பேராசிரியப் பதவி ஏதுமின்றிக் கல்லூரிச் சமையற்கூடங்களை மேற்பார்க்கும் உத்தியோகத்தையும் ஏற்றுக் குடும்பம் நடத்தினார். 1896இல் அவரை மணந்த பியற்றிஸ் அம்மையார் ஆய்விலும் துணைவியானார். கேம்பிறிட்ஜை அடுத்த கிறான்செஸ்டர் என்னும் சிற்றூரில் அவர்கள் வாழ்ந்த வீட்டின் தோட்டமே ஆய்வுகூடமாயிற்று. பட்டாணிப் பாத்திகளுக்கு அருகே கோழிக் கூண்டுகள் நிரை நிரையாக எழுந்தன. உதவிக்கு வந்தோருட் பலர் பெண்கள். பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கக் கேம்பிறிட்ஜ் 1948 வரை மறுத்துவந்தது. அந்நாளில் ஈடித் சோண்டர்ஸ் என்ற அறிஞர் அவரோடு சரிநிகராக நின்று உழைத்தார். பெண்களுக்குப் பட்டம் வேண்டும் என வாதாடியோர் அணியில் பேற்சனும் இருந்தார்.

கோழியின் காலில் வழக்கமாக நாலு விரல்கள்: முன்னே மூன்று, பின்னே ஒன்று. டோர்க்கிங் என்னும் ஆங்கிலேயச் சாதிக் கோழிக்கோ ஐந்து. ஐவிரற் கோழியே உயர்ந்த சாதி என்று சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்னரே உரோம வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா எழுதிவைத்திருக்கிறார். ஆக, பண்ணையாளர் பல தலைமுறையாகக் கண்டுவந்த விரல்தான். ஐவிரலையும் நால்விரலையும் இணைத்து, பிறக்கும் குஞ்சுகளை ஒன்று விடாமல் எண்ணி, பேரப்பிள்ளைத் தலைமுறை வரை கணக்கு வைத்தால் என்ன தெரியும் என்று கேட்டவர்களோ மிகச் சிலர். இறகின் நிறத்தை அறியக் குஞ்சு வளரும்வரை காத்திருக்க வேண்டும். விரலையோ ஓட்டை உடைத்து வெளிவந்த அன்றே எண்ணிவிடலாம்.

இந்நிலையில் 1900ஆம் ஆண்டு வந்தது. ஒஸ்திரிய நாட்டுத் துறவி கிறகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்து 1866இல் வெளியிட்ட கட்டுரை முப்பத்து நான்கு ஆண்டு உறக்கத்தினின்று எழுந்தது. அவ்வாண்டு மே 8ஆந் திகதி இலண்டனிற் பேசச் சென்ற பேற்சன் புகைவண்டியில் அக்கட்டுரையைப் படித்து, அங்கேயே தம் உரையை மாற்றி அமைத்தார் என்பர். இது பியற்றிஸ் அம்மையார் பின்னாளில் எழுதிய வரலாறு. அன்று அவர் கையில் இருந்தது மெண்டலின் கட்டுரையன்று, அதைக் குறிப்பிட்ட வேறொருவர் கட்டுரையே என்று கருதும் ஆய்வாளரும் உளர். எதுவாயினும், தம் கூண்டுகளில் நிரம்பிக் கிடந்த எண்களுக்கு இலக்கணம் கிடைத்துவிட்டது என்பதை அவர் கண்டுகொண்டார்.

1902இல் பேற்சனும் ஈடித் சோண்டர்சும் வெளியிட்ட அறிக்கை மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை உலகுக்குக் காட்டிற்று. சான்றாக நின்றவை கோழியின் கொண்டையும் ஐந்தாம் விரலுமே. ஐவிரற் பண்பு ஆட்சியானது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தாலும் குஞ்சின் காலில் அது தோன்றும். அத்தகைய கலப்புக் கோழியை நால்விரற் கோழியோடு இணைத்தால் குஞ்சுகள் ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாகப் பிரியும். ஆயின் எல்லாக் குஞ்சுகளும் கணக்குக்கு அடங்கவில்லை. ஐவிரற் காரணியைத் தாங்கியிருந்தும் நாலு விரலோடு திரிந்த கோழிகள் சில இருந்தன. அவற்றின் குஞ்சுகள் ஐவிரலோடு பிறந்தபோதே உண்மை வெளிப்பட்டது. வேறொருவராயின் இவற்றை மறைத்திருப்பார். பேற்சன் மறைக்கவில்லை. விதிவிலக்குகளைப் பேணிக் காக்குமாறு பின்னாளில் மாணவர்க்கும் அவர் அறிவுறுத்தினார்.

புதிய துறைக்குப் புதிய சொற்களும் அவரிடமிருந்தே வந்தன. ஓரினநுகம், இதரநுகம் என நம் மாணவர் மனனஞ் செய்யும் சொற்களின் மூலங்கள் 1902இல் அவரும் சோண்டர்சும் ஆக்கியவை. துறையின் பெயரை 1905இல் ஒரு கடிதத்தில் முன்மொழிந்து, அடுத்த ஆண்டு மாநாடொன்றில் பகிரங்கமாக அறிவித்தார். இதற்கிடையே கல்லூரித் தோழரான வெல்டனுடன் மூண்ட கருத்துப் போர் நட்பையே பலிகொண்டது. அளவைகளையும் புள்ளிவிபரங்களையும் நம்பிய வெல்டன் மெண்டலின் விதியை ஏற்க மறுத்தார். 1906இல் வெல்டன் இளவயதிலேயே இறந்தார். பழைய நட்பு மீளவேயில்லை.

பேற்சனின் பணி கோழிக் கூண்டோடு நின்றுவிடவில்லை. சிறுநீர் கறுக்கும் ஒரு பிறவிக்குறையை ஆராய்ந்த ஆச்சிபோல்ட் கறொட் என்ற வைத்தியர், அக்குறையுள்ள பிள்ளைகளின் பெற்றோரிற் பலர் உடன்பிறந்தாரின் மக்கள் என்பதைக் கவனித்தார். மெண்டலின் பின்னிடைவான பண்பு ஒளிந்திருந்து வெளிப்படுவதற்கு ஏற்ற சூழல் அதுவே என்று பேற்சன் எடுத்துக்காட்டினார். மனித நோயொன்று மெண்டலின் விதிகொண்டு விளக்கப்பட்டது அதுவே முதன்முறை. மச்சான் மச்சாள் உறவிலே மணம் முடிக்கும் வழக்கமும், தாய்வழியே குடி எண்ணும் மரபும் உள்ள நம் கரையோர மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

இங்கே ஓர் அனுபவத்தைக் கூறுவது பொருந்தும். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலிருந்த மாணவன் ஒருவன் வலக்கையை எப்போதும் மேசையின் கீழேயே வைத்திருப்பான். பெருவிரலை ஒட்டி இன்னொரு சிறு விரல் அவனுக்கு இருந்தது. ஆறுவிரலான் என்பதே வகுப்பில் அவன் பெயர். கருவுற்ற காலத்தில் தாய் எதையோ கண்டு பயந்தாள் என்றும், முன்னோர் யாரோ செய்த குறை என்றும் ஊரார் பலவாறு பேசினர். அப்பேச்சையெல்லாம் சுமந்தவள் அந்தத் தாய். மெண்டலின் பாடம் வந்த நாளில், கோழியின் ஐந்தாம் விரலைக் கரும்பலகையில் வரைந்து, அது யாருடைய குற்றமும் அன்று, ஒரு காரணி தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் வழி என்று விளக்கினேன். மூத்தவாப்பாவுக்கும் இப்படி ஒரு விரல் இருந்ததாம் என்று அவன் எழுந்து சொன்னான். அன்று கரும்பலகையில் அவனுடைய குடும்ப வரைபடத்தை வரைந்தது அவனுடைய வலக்கைதான்.

1908இல் பேற்சனுக்குக் கேம்பிறிட்ஜில் பேராசிரியப் பதவி கிடைத்தது. 1910இல் இலண்டனை அடுத்த மேட்டனில் தொடங்கிய ஜோன் இன்ஸ் தோட்டக்கலை நிறுவகத்தின் முதற் பணிப்பாளரானார். வாழ்வு வளம்பெற்ற வேளையிலே துயரமும் புகுந்தது. மூத்த மகன் ஜோன் முதல் உலகப் போர் முடியச் சில கிழமைகளே இருந்த நிலையில், 1918 ஒக்டோபரில் களத்தில் மாண்டான். நாலாண்டுகள் கழித்து, தமையனின் பிறந்தநாளன்று, இரண்டாம் மகன் மாட்டின் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். எஞ்சியவன் மெண்டலின் நினைவாகப் பெயர் பெற்ற கிறகோரி. பின்னாளில் மானிடவியல் அறிஞராகப் புகழ் பெற்றவர் அவரே.

அறிவுலகிலும் தனிமை அவரைச் சூழ்ந்தது. பரம்பரைக் காரணிகள் கலத்திலுள்ள நிறமூர்த்தங்களில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன என்று அமெரிக்காவில் மோகனும் அவர்தம் மாணவரும் பழ ஈக்களைக் கொண்டு நிறுவினர். உயிரின் வடிவத்தை மணிகோத்த மாலையாக எண்ண அலைகளைக் கண்ட அவர் மனம் ஒப்பவில்லை. 1921இன் இறுதியில் மோகனின் ஆய்வுகூடத்தை நேரிற் கண்டபின் பெருமளவு உடன்பட்டார். எனினும் உள்ளத்தின் ஐயம் முற்றும் நீங்கவில்லை. துறைக்குப் பெயர் சூட்டியவரே அத்துறையின் பெருவழியினின்று ஒதுங்கி நின்றார். 1926ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி, தமது 64ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற கேள்விகள் இரண்டு. மிகையுறுப்பு ஏன் கண்ணாடி நிழலாக முளைக்கிறது? கோழிக்கு ஐந்தாம் விரல் எவ்வாறு வருகிறது? முன்னதை அவர் காட்சிச்சாலைகளிற் கண்டார். பின்னதைக் கூண்டுகளிற் கண்டார். இரண்டும் ஒரே முடிச்சின் இரு நுனிகள் என்பது அவருக்குத் தெரியாது.

அம்முடிச்சு அவிழ்ந்தது முட்டைக்குள்ளேதான். அடை வைத்த முட்டை பொரிக்க 21 நாள் ஆகும் என்பது நம் வீடுகளில் எவரும் அறிந்தது. மூன்றாம் நாளளவில் முளையத்தின் இருமருங்கும் சிறு மேடுகள் தோன்றும். அவையே இறக்கைக்கும் காலுக்கும் ஆன அரும்புகள். அமெரிக்க ஆய்வாளர் ஜோன் சோண்டர்ஸ், முன்னைய சோண்டர்சின் பெயரைத் தற்செயலாகப் பகிர்ந்தவர், முட்டையோட்டில் சிறு சன்னல் திறந்து அவ்வரும்புகளில் நுண்ணிய அறுவை செய்தார். அரும்பின் நுனியிலுள்ள வரம்பை அகற்றினால் இறக்கை குறைபட்டு நிற்கும் என்பதை 1948இல் காட்டினார். 1968இல் அவரும் மேரி கசெலிங்கும் ஓர் அரும்பின் பின்விளிம்பிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, இன்னோர் அரும்பின் முன்விளிம்பிற் பதித்தனர். விளைந்த இறக்கையில் விரல்கள் இரட்டித்திருந்தன. ஒரு பாதி மறுபாதியின் கண்ணாடி நிழல். 1894இல் வண்டின் காலிற் பேற்சன் கண்ட அந்த ஒழுங்கு கோழியின் இறக்கையில் ஆய்வாளர் கையாலேயே வரையப்பட்டுவிட்டது.

அத்துணுக்கில் இருந்தது யாது? 1993இல் விடை வந்தது. சோனிக் ஹெட்ஜ்ஹொக் என்று ஒரு கணினி விளையாட்டுப் பாத்திரத்தின் பெயரைத் தாங்கிய பரம்பரையலகு அரும்பின் பின்விளிம்பில் மட்டும் விழித்திருந்து, ஒரு புரதத்தைச் சுரக்கிறது. எந்த விரல் எங்கே அமைய வேண்டும் என்பதை அப்புரதமே பெரிதும் தீர்மானிக்கிறது. அதனை எங்கே விழிக்கச் செய்வது, எங்கே உறங்கச் செய்வது என ஆளும் ஆளி ஒன்று அதற்கு மிகத் தொலைவில், மனிதரில் ஏறத்தாழ 10 இலட்சம் எழுத்துகளுக்கு அப்பால், வேறொரு பரம்பரையலகின் நடுவே இருக்கிறது. இதனை 2003இல் எடின்பரோ ஆய்வாளர்கள் விளக்கினர். பட்டுப்போன்ற இறகுடைய சில்க்கி என்னும் ஐவிரற் கோழியை ஆராய்ந்தோர் அந்த ஆளியில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டனர். அந்த விகாரத்தால் காலரும்பின் முன்விளிம்பிலும், உறங்க வேண்டிய இடத்திலே, அப்பரம்பரையலகு விழித்துக்கொள்கிறது. அங்கே மிகைவிரல் முளைக்கிறது. சோண்டர்ஸ் கத்தியால் செய்ததை இயற்கை ஓர் எழுத்தால் செய்துவிட்டது. இதே ஆளியின் ஒரு பகுதி அழிந்த வேறொரு கோழி வகையில் மறுதலை நிகழ்கிறது: முளையத்தின் காலில் ஒரே விரல், இறக்கையில் விரலே இல்லை. மனிதரிலும் பெருவிரற் பக்கம் மிகைவிரல் தோன்றும் சில குடும்பங்களில் இந்த ஆளியிலேயே எழுத்து மாற்றம் காணப்பட்டுள்ளது.

கண்ணாடி விதியும் ஐந்தாம் விரலும் இவ்வாறு ஒரு கிளையின் இரு கனிகள் ஆயின. அலைகள் பற்றிய அவருடைய உள்ளுணர்வும் வீண்போகவில்லை. இரசாயனப் பொருள்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் வரிகளை இடக்கூடும் என்று 1952இல் அலன் டூறிங் கணிதவழி காட்டினார். எலியின் கைவிரல்கள் அவ்வாறே வரியிடப்படுகின்றன என்பதற்கு 2014இல் ஸ்பானிய நாட்டு ஆய்வுகூடமொன்று வலுவான சான்று தந்தது. மாலையா, அலையா என்று வழக்காடியவர்கள் இருவருமே பாதி உண்மையைப் பற்றிக்கொண்டிருந்தனர் போலும். நிறமூர்த்த மாலையில் ஒரு மணி திரிந்தது. அரும்பிலே அலையின் வரி கூடிற்று.

பேற்சனின் வாழ்வில் மாணவர் கற்கத்தக்கது அவருடைய வெற்றி மட்டுமன்று. தம் கொள்கைக்கு அரணாகும் எண்களையும் அதற்கு இடையூறாகும் எண்களையும் அவர் ஒரே ஏட்டில், ஒரே மையினால் எழுதிவைத்தார். நிறமூர்த்தங்களைப் பற்றி அவர் கொண்ட ஐயம் நிலைக்கவில்லை. அவர் எழுதிவைத்த ஏடு நிலைத்தது. ஐந்தாம் விரலை மறைத்துத் திரிந்த அந்த நால்விரற் கோழிகளைப் பற்றிய அவருடைய குறிப்பு, ஒரே விகாரம் ஓருடலில் வெளிப்பட்டு இன்னோருடலில் ஒளிந்திருப்பது ஏன் என்று ஆராய்வோருக்கு இன்றும் முடியாத பாடமாகவே இருக்கிறது.